நாடகம் முடிந்த பிறகு

1

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. சென்னையில் ஒரு வாடகை ஹால். உள்ளே நுழைந்ததும் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், வயது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அவசரம் என்றால் யாரை அழைப்பது. கடைசிக் கேள்வி: 'இந்த இரண்டு நாட்களில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' நான் ஒரே வார்த்தை எழுதினேன். தூக்கம்.

அப்போது எனக்கு மாதத்தில் ஒரு வாரம் 'ஆன்-கால்' வேலை. இரவு எந்த நேரத்திலும் சர்வர் படுத்துவிட்டதென்று போன் அலறும். அலறாத வாரங்களிலும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்த மனநல ஆலோசகர், "க்ரூப் தெரபி ஒண்ணு நடக்குது, போய்ப் பாருங்களேன்" என்றார். சைக்கோடிராமா. தமிழில் உளநாடகம் என்று சொல்லலாம்.

நாடகம் என்றதும் எனக்கு ஆபீஸ் டிரெயினிங்தான் ஞாபகம் வந்தது. ஹெச்.ஆர். ஆட்கள் இரண்டு பேரை எழுப்பி, "நீங்க கோபக்கார கஸ்டமர், நீங்க சப்போர்ட்" என்று நிறுத்துவார்களே, அந்த ரோல்-பிளே. மற்றபடி என் எதிர்பார்ப்பு எளிமையானது. வட்டமாக உட்கார்வோம், பிரச்சினையைச் சொல்வேன், தெரிந்தவர் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வார். இன்ஜினியர் புத்தி. லாகை எடுத்துக் கொடுத்தால் பக் எங்கே என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த இரண்டு நாட்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது முடிந்த பிறகு, இதை யார் கண்டுபிடித்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி மட்டும் தங்கிவிட்டது. இந்தச் சிகிச்சையின் வரலாறு முழுக்க மருத்துவரின் குரலில் இருக்கிறது. வந்து உட்கார்ந்தவர்கள் எதற்காக வந்தார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள்?

2

யாக்கோப் லெவி மொரேனோ. 1889ல் புக்காரெஸ்டில் பிறந்து வியன்னாவில் வளர்ந்த யூதர். தன் பிறப்பைப் பற்றி அவர் சொல்லிவந்த கதை வேறு: கருங்கடலில் போன கப்பலில், புயல் இரவில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் பிறந்தாராம். ஆள் அப்படி. தன்னைப் பற்றிய எதையும் கொஞ்சம் மேடையேற்றித்தான் சொல்வார். கீழே வருபவற்றில் பலவும் அவர் வாயால் வந்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ மாணவராக இருந்தபோது, 1913 வாக்கில், வியன்னாவின் ஸ்பிட்டல்பெர்க் பகுதிக்குப் போனார். பாலியல் தொழில் செய்த பெண்கள் வாழ்ந்த இடம். கூடவே பால்வினை நோய் மருத்துவர் ஒருவரும் பத்திரிகை முதலாளி ஒருவரும். எட்டுப் பத்துப் பெண்கள் கொண்ட சிறு குழுக்களாக, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கூடினார்கள்.

அந்தப் பெண்களுக்கு வெளியாள் என்றால் மூன்றே வகைதான் தெரியும்: போலீஸ், டாக்டர், திருத்த வரும் புண்ணியவான். இவர்கள் எந்த வகை என்று புரியாமல் முதலில் பட்டும் படாமலும்தான் பேசினார்கள். ஏன் கைது செய்கிறார்கள், ஆஸ்பத்திரியில் ஏன் சேர்க்க மறுக்கிறார்கள் என்று அன்றாடத் தொல்லைகள். அதற்கு வக்கீலும் மருத்துவரும் ஏற்பாடானார்கள். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கூட்டங்கள் தொடர்ந்தன. ஒருத்தி சொல்வது அடுத்தவளுக்கும் நடந்திருந்தது. நோய்க்கும் முதுமைக்கும் என்று வாராவாரம் கொஞ்சம் காசு போட்டுப் பொது நிதி சேர்த்தார்கள்.

மொரேனோ அங்கே கற்றுக்கொண்டதாகச் சொல்வது இதைத்தான்: குழுவில் ஒருவர் இன்னொருவருக்கு மருந்தாக முடியும், அதற்கு அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. குழு உளச்சிகிச்சை என்ற பெயரை அவர் 1932ல், அமெரிக்காவில்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் விதை விழுந்தது ஸ்பிட்டல்பெர்க்கில். போட்டது யார் என்றால், டாக்டரிடம் வக்கீல் கேட்க வந்து ஒருத்தியை ஒருத்தி கண்டுகொண்ட அந்தப் பெண்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

3

அடுத்த காட்சி 1921 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்தான். உலகப்போரில் தோற்று, பேரரசர் இல்லாமல் போயிருந்த வியன்னா. ஒரு நாடக அரங்கை வாடகைக்குப் பிடித்தார் மொரேனோ. திரை விலகியதும் மேடையில் ஒரு சிவப்பு நாற்காலி, ஒரு கிரீடம், அவர். அவ்வளவுதான். வசனம் இல்லை, நடிகர்கள் இல்லை. பார்வையாளர்களை மேடைக்கு வரச் சொன்னார். நாடு தலைவன் இல்லாமல் கிடக்கிறது; நீங்கள் ராஜா என்றால் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள். மற்றவர்கள்தான் ஜூரி.

ஒருவரும் தேறவில்லை. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நண்பர்கள் பலர் விலகினார்கள். ஆனாலும் இந்த நாளைத்தான் உளநாடகம் பிறந்த நாள் என்று அவர் கடைசிவரை சொன்னார். டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க வந்தவனிடம் 'நீயே ஏறி நடி' என்று சொன்ன முதல் இரவு அது. எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான பள்ளம் இந்தச் சிகிச்சையின் பிறப்பிலேயே இருக்கிறது.

அடுத்த ஆண்டு, மாய்செடர்காஸெ என்ற தெருவில், எழுதி வைத்த வசனம் இல்லாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை நடிக்கும் ஒரு சிறிய அரங்கைத் தொடங்கினார். அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்றைக்கே நடித்துக் காட்டுவதும் உண்டு. பின்னாளில் திரைப்படங்களில் புகழ்பெற்ற பீட்டர் லோரே இளவயதில் நடித்த இடம்.

அங்கே மொரேனோ 'பார்பரா' என்று பெயர் மாற்றி எழுதும் ஒரு நடிகை இருந்தார். அவருக்கு எப்போதும் சாந்தமான, புனிதமான வேடங்கள்தான். தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த இளம் கவிஞர் ஒருவர், 'ஜார்ஜ்', அவரைத் திருமணம் செய்துகொண்டார். கொஞ்ச நாளில் ஜார்ஜ் மொரேனோவிடம் வந்து புலம்பினார். மேடையில் தேவதை, வீட்டில் வேறு ஆள். கத்துகிறாள், திட்டுகிறாள், அடிக்கக்கூடச் செய்கிறாள்.

மொரேனோ அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அன்று ஒட்டாக்ரிங் என்ற பகுதியில் தெருவில் நின்ற ஒரு பெண் கொலை செய்யப்பட்ட செய்தி வந்திருந்தது. அந்தப் பெண்ணாக பார்பராவை நடிக்கச் சொன்னார். பார்பரா மேடையில் வெடித்தார். அதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத வார்த்தைகள். கத்தியோடு துரத்தும் காட்சியில் பார்வையாளர்கள் எழுந்து நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். நாடகம் முடிந்ததும் பார்பராவுக்கு ஒரே உற்சாகம். அதன்பின் அப்படிப்பட்ட வேடங்களாகவே வந்தன. ஜார்ஜ் தினமும் வந்து வீட்டு நிலவரம் சொன்னார். சண்டை வருகிறது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. பாதியில் மேடை ஞாபகம் வந்து அவளே சிரித்துவிடுகிறாள்.

அடுத்து மொரேனோ செய்ததுதான் முக்கியம். புகார் கொடுக்க வந்த ஜார்ஜையும் மேடையில் ஏற்றினார். இருவரும் தங்கள் வீட்டுக் காட்சிகளையே நடித்தார்கள். பிறகு அவரவர் குடும்பம், குழந்தைப் பருவம். மற்ற நாடகங்களைவிட இந்த இருவரின் காட்சிகள் தங்களை ஆழமாகத் தொட்டதாகப் பார்வையாளர்கள் சிலர் மொரேனோவிடம் வந்து சொன்னார்கள். மனைவியைச் சரிசெய்து தரக் கேட்டு வந்தவர் ஜார்ஜ். வந்த இடத்தில் அவரும் நோயாளியானார், ஊரே பார்க்க.

உளநாடகப் புத்தகங்களில் இதுதான் முதல் வெற்றிக்கதை. கதை பெரும்பாலும் இங்கேயே நிறுத்தப்படுகிறது. நானும் இப்போதைக்கு நிறுத்துகிறேன்.

4

1925ல் மொரேனோ அமெரிக்கா போனார். 1932 இலையுதிர்காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில், சிறுமிகளுக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். வழக்கத்தைவிட 30 மடங்கு. மொரேனோவும் ஹெலன் ஜென்னிங்ஸும் அங்கே யார் யாரோடு இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டு, ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்தார்கள். ஓட்டம் அந்தக் கோடுகளின் வழியாகப் பரவியிருந்தது. 1933 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இந்த வரைபடங்களைப் பற்றி எழுதியது. இன்று சமூக வலைத்தளங்களில் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று யாரையாவது காட்டுகிறதே, அந்தக் கணக்கின் மூதாதைகளில் ஒன்று இது. நான் சோறு தின்னும் தொழிலின் ஒரு வேர் ஒரு சிறுமியர் விடுதியில் இருக்கிறது என்று அறிந்தபோது கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.

1936ல் நியூயார்க்குக்கு வடக்கே பீக்கன் என்ற ஊரில் சொந்த மருத்துவமனை. அதனுள்ளே ஒரு அரங்கு: ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வட்டப் படிகள் கொண்ட மேடை, மேலே ஒரு பால்கனி. வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையிலும் 1940களின் தொடக்கத்தில் இப்படியொரு மேடை வந்தது. 1941ல் மனநோய் கண்ட தன் சகோதரியைச் சிகிச்சைக்காக பீக்கனுக்கு அழைத்துவந்தார் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த ஸெர்கா என்ற இளம்பெண். நோயாளியின் உறவினராக வந்தவர் அங்கேயே வேலை கற்று, மொரேனோவின் மனைவியும் ஆகி, அவர் 1974ல் இறந்த பிறகு 40 வருடங்களுக்கு மேல் இந்த முறையை உலகம் முழுக்கக் கற்றுக்கொடுத்தார். இன்று நடக்கும் உளநாடகத்தில் பாதி அவர் கைவண்ணம்.

முறை இதுதான். முதலில் குழு உடலையும் மனதையும் சூடாக்கிக்கொள்ளும். பிறகு ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்வார். அம்மா, அதிகாரி, இறந்துபோன நண்பன் என்று அதில் வரும் மனிதர்களாக நிற்கக் குழுவிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுப்பார். சொல்ல முடியாததைச் சொல்ல, பின்னால் இன்னொருவர் 'இரட்டை'யாக நிற்பார். நடுவில் இயக்குநர் 'இடம் மாறுங்கள்' என்பார். மகன் அம்மாவின் இடத்தில் நின்று, தன்னைப் பார்த்துப் பேசுவார். கடைசியாகப் பகிர்தல். அதில் ஒரு கறாரான விதி உண்டு. காட்சி நடத்தியவருக்கு அறிவுரை சொல்லக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. அந்தக் காட்சி உன் வாழ்க்கையில் எதைத் தொட்டது, அதை மட்டும் சொல்.

5

ஹாலுக்குத் திரும்புகிறேன். பதினோரு பேர். நடத்தியவருக்கு ஐம்பது வயதிருக்கும். "இங்க யாரும் நல்லா நடிக்க வேண்டாம். இருந்தா போதும்" என்றார்.

முதல் நாள் முழுக்க நான் சுவரோரமாகவே இருந்தேன். என் முறை வரும்போது என்ன சொல்வது என்று மனதுக்குள் பாயின்ட் பாயின்டாகத் தயாரித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குமேல், என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா தன் காட்சிக்கு ஆள் தேடினார். அண்ணன் வேண்டும். எல்லாரையும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "இவர்தான். அண்ணன் இப்படித்தான் கையில போனோட ஓரமா நிப்பான்."

குழுவில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அந்த அக்காவின் கதையை நான் சொல்லப்போவதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரே வசனத்தை மட்டும், அவரிடம் அனுமதி கேட்டு, இங்கே எழுதுகிறேன்: "அதான் பணம் அனுப்பிட்டேன்ல?"

முதல் தடவை சும்மா சொன்னேன். "அவன் இன்னும் எரிச்சலா சொல்வான்" என்றார். இரண்டாம் தடவை எரிச்சலாகச் சொன்னேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மதுரையில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது தம்பி. நான் மாதம் ஒன்றாம் தேதி பணம் அனுப்புகிறவன். எங்களுக்குள் பேச்சு குறைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக நான் அவனிடம் சொன்னது கிட்டத்தட்ட இதே வாக்கியம், இதே எரிச்சல்.

"இடம் மாறுங்க" என்றார் நடத்தியவர். இப்போது அந்த அக்கா கையில் போனோடு ஓரத்தில் நின்றார். நான் அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வசனம் என்னைப் பார்த்து வந்தது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அழவில்லை. காது மட்டும் சூடாகிவிட்டது. பதில் சொல்லச் சொன்னார்கள், வாய் வரவில்லை. தம்பியும் அன்றைக்கு போனில் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத் திமிர் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது வேறு ஏதோ.

பகிர்தலில், தயாரித்து வைத்த பாயின்ட் எதையும் சொல்லவில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னேன். தூக்கத்துக்கு வந்தவன்.

மறுநாள் சாயங்காலம் இன்னொரு படிவம். 'உங்கள் எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு நிறைவேறியது? 1 முதல் 5 வரை.' எல்லாரும் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டிருந்த நேரம். நான் 5 போட்டேன்.

6

அந்த 5 சரியா?

அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோமும் அவருடைய சகாக்களும் 1960களின் இறுதியில், குழுச் சிகிச்சையில் நல்ல பலன் கண்ட 20 பேரிடம் 60 அட்டைகளைக் கொடுத்து, உங்களுக்கு எது உதவியதோ அந்த வரிசையில் அடுக்குங்கள் என்றார்கள். அவை உளநாடகக் குழுக்கள் அல்ல, பேச்சுக் குழுக்கள். ஆனாலும் முடிவு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. 12 வகை உதவிகளில் அறிவுரைக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தைய இடம். எல்லா அட்டைகளுக்கும் மேலே வந்த அட்டை, தன்னிடம் இருப்பதே தெரியாத அல்லது ஏற்கப் பிடிக்காத ஒரு பகுதியைக் கண்டு ஏற்றுக்கொண்டது. நான் வந்தது அறிவுரைக்கு. கிடைத்தது அந்த எரிச்சல் குரல்.

உளநாடக உத்திகளைப் பற்றி 2003ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடம் மாறுவதும் 'இரட்டை'யும்தான் அதிகம் பலன் தந்தவையாகத் தெரிந்தன. மேடை, விளக்கு, கத்தல், அழுகை எல்லாவற்றையும்விட, எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்கிற அந்த எளிய காரியம்.

இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் என் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிரச்சினை என்று ஒருவர் டிக்கெட் போடுவார். நாம் எதையோ சரிசெய்வோம். அந்த நிமிடம் வேலை செய்கிறது என்பார். உடனே டிக்கெட்டை மூடிவிடுவோம். கணக்கில் அது வெற்றி. ஆறு மாதம் கழித்து அவரிடம் போய், நீங்கள் முதலில் கேட்டது கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நம் கணக்கு கெட்டுவிடும். கண் ஈரமாக இருக்கும்போது வாங்கிய 5, மூடிய டிக்கெட்தான். பலர் முன்னால் தன்னைத் திறந்துவிட்டு, பின்னால் தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அந்த இரவு எப்படிப் போனது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அதனால்தான் ஜார்ஜிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

மொரேனோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரெனே மாரினோ, அந்தத் தம்பதி யார் என்று எழுதியிருக்கிறார். பார்பரா, அன்னா ஹோலெரிங் என்ற நடிகை. ஜார்ஜ், கியோர்க் குல்கா. 1897ல் பிறந்த கவிஞர். 1920ல் அவர் தன் பெயரில் வெளியிட்ட ஒரு கட்டுரை பழைய எழுத்தாளர் ஜான் பாலுடையது என்று கார்ல் கிராவுஸ் பகிரங்கமாக அம்பலப்படுத்த, வியன்னா இலக்கிய உலகில் அவமானப்பட்டவர். மொரேனோவின் மேடைமுன் தினமும் வந்து உட்கார்ந்த இளைஞன் ஏற்கெனவே ஓர் ஊரின் பார்வையில் எரிந்து வந்தவன் என்பது வெற்றிக்கதையில் இல்லை. சில வருடங்களில் இருவரும் பிரிந்தார்கள். 1929ல் குல்கா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 31.

சிகிச்சைதான் காரணம் என்று சொல்வது அபத்தம். ஒரு மனிதன் அப்படிப் போவதற்கான காரணத்தை ஒற்றை வரியில் சொல்கிறவர் யாரையும் நம்பாதீர்கள். சிகிச்சை பொய் என்றும் நான் சொல்லவில்லை. சண்டை நடுவில் பார்பரா சிரித்தது உண்மையாகவே இருக்கும். என் குறை வேறு. ஜார்ஜ் தினமும் வந்து சொன்னது முழுக்க மனைவியைப் பற்றி. ஜார்ஜைப் பற்றிச் சொல்ல மேடையில் சில காட்சிகள் கிடைத்தன. அதன்பின் அவருக்கு என்ன தேவைப்பட்டது என்பது எங்கேயும் பதிவாகவில்லை. மருத்துவரின் கதையில் திரை விழுந்துவிட்டது. ஜார்ஜ் வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

மொரேனோவின் சாம்பல் இப்போது வியன்னாவின் மத்தியக் கல்லறையில் இருக்கிறது. மனநல மருத்துவத்துக்குள் சிரிப்பைக் கொண்டுவந்தவர் என்ற பொருளில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அது நியாயமான பெருமை. அந்தச் சிரிப்பின் முதல் சாட்சி ஜார்ஜ்தான்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹாலிலிருந்து வந்த வாரம் தம்பிக்கு போன் செய்தேன். மன்னிப்பு, கண்ணீர், அதெல்லாம் இல்லை. மோட்டார் ரிப்பேர் பற்றி இரண்டு நிமிடம் பேசினோம். வைக்கும் முன் "அம்மாகிட்ட குடுக்கவா?" என்றான். எட்டு மாதத்தில் முதல் தடவை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் போய் ஒரு வாரம் அம்மாவோடு இருக்கிறேன். தம்பி அந்த வாரம் குடும்பத்தோடு எங்காவது போய்விட்டு வருகிறான். சண்டை இன்னும் வருகிறது.

தூக்கம்? இல்லை. ஆன்-கால் வாரத்தில் இன்னமும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. போன மாதம் அந்தக் குழுவை நடத்தியவருக்கு ஒரு மெயில் எழுதினேன். நான் கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது ஒன்று கிடைத்தது, அன்றைக்குப் போட்ட 5ஐ 3 என்று திருத்திக்கொள்ளுங்கள் என்று. மறுநாளே பதில் வந்தது. 'நன்றி. மற்றவர்களுக்கும் எழுதிக் கேட்கிறேன்.'